உறைபனியில் பிறக்கும் கன்று

வட அமெரிக்கக் கண்டத்தின் நடுவே, றொக்கி மலைத்தொடரின் அடிவாரத்திலிருந்து கிழக்கு நோக்கிப் பரந்து கிடப்பது பெருஞ்சமவெளி எனப்படும் புல்வெளிப் பிரதேசம். ஐக்கிய அமெரிக்காவின் மொன்ரானா, வட டக்கோட்டா, தென் டக்கோட்டா, நெப்ராஸ்கா ஆகிய மாநிலங்களின் பெரும்பகுதியும், கனடாவின் அல்பேட்டா, சஸ்காச்சுவான், மனிற்றோபா ஆகிய மாகாணங்களின் தென்பகுதிகளும் இதனுள் அடங்கும். இறைச்சிக்காக மாடு வளர்க்கும் பிரதேசங்களுள் இது தலையாய ஒன்று. மாரி காலத்தில் இங்கே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இருபது, முப்பது பாகை செல்சியஸ் வரை இறங்குவது புதுமையன்று. வடக்கிலிருந்து வீசும் காற்றைத் தடுத்து நிறுத்த மலையுமில்லை, பெருங்காடுமில்லை. இத்தகைய வெட்டவெளியிலேதான், பெப்ரவரி, மார்ச் மாதங்களில், இலட்சக்கணக்கான பசுக்கள் கன்று ஈனுகின்றன.

நிலம் உறைந்து கிடக்கும் காலத்தில் பசுக்களை ஈனச் செய்வானேன் என்ற வினா இயல்பாக எழும். அதற்கு விடை புல்லிலே இருக்கிறது. பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 283 நாட்கள். மே மாத நடுவிலே காளையோடு சேர்ந்த பசு, அடுத்த பெப்ரவரி மாத இறுதியில் ஈனும். சில வாரங்களில் பனி உருகிப் புல் தளிர்க்கும்போது தாய்க்குப் பால் பெருகும். கன்றும் புல்லைக் கடிக்கும் பருவத்தை அடைந்துவிடும். இலையுதிர்காலச் சந்தை கூடும்போது, முந்திப் பிறந்த கன்று எடையிலும் முந்தி நிற்கும். வசந்தத்தில் உழவும் விதைப்பும் தொடங்கிவிட்டால் கன்று பார்க்கப் பண்ணையில் ஆட்களுக்கு ஓய்வும் இராது. இக்காரணங்களால் அந்நாட்டு விவசாயி குளிரோடு ஒரு பந்தயத்தில் இறங்குகிறான். அப்பந்தயத்தின் பணயம் புதிதாகப் பிறந்த கன்றின் உயிர்.

ஒரு காலத்தில் இப்பந்தயத்தை மனிதன் ஆடவில்லை. மாட்டையே ஆட விட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மந்தைகள் வேலியில்லாத புல்வெளிகளில் ஆண்டு முழுவதும் திரிந்தன. அவற்றுக்கென உலர்புல் சேர்த்து வைப்போர் சிலரே. 1886ஆம் ஆண்டுக் கோடை வறண்டது, புல் குறைந்தது, மந்தைகளோ பெருகியிருந்தன. அடுத்து வந்த மாரியில் பனி மேலும் மேலும் பெய்து, இடையிடையே உருகி, மீண்டும் இறுகி, புல்லின்மேல் ஓர் ஓடுபோல் மூடிக்கொண்டது. மாடுகள் அதைக் கால்களால் உடைக்க முடியாமல் பட்டினியாலும் குளிராலும் வீழ்ந்தன. 1887ஆம் ஆண்டு வசந்தத்தில் பனி உருகியபோதுதான் இழப்பின் அளவு தெரிந்தது. பின்னாளில் ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியாகிய தியோடோர் ரூஸ்வெல்ற் டக்கோட்டாப் பிரதேசத்தில் வைத்திருந்த மந்தையின் பெரும்பகுதியும் அந்த மாரியிலேயே அழிந்தது. மொன்ரானாவில் ஒரு மந்தையைக் காத்துவந்த சாள்ஸ் ரசல் என்னும் இளைஞர், மாடுகள் எப்படி இருக்கின்றன என்று உரிமையாளர் விடுத்த வினாவுக்கு மறுமொழியாக, சிறிய அட்டையொன்றில் ஒரு சித்திரத்தை வரைந்து அனுப்பினார். பனியிலே எலும்பும் தோலுமாக நிற்கும் ஒரு பசு. அதன் வீழ்ச்சியை எதிர்பார்த்து நிற்கும் ஓநாய்கள். பிற்காலத்தில் புகழ்பெற்ற ஓவியராக விளங்கிய ரசலின் பெயரை முதன்முதல் ஊரறியச் செய்தது அச்சித்திரமே.

அந்த மாரிக்குப் பின்னர் உலர்புல் சேர்ப்பதும், வேலியடைப்பதும், மந்தையைச் சிறிதாக்கிப் பேணுவதும் வழக்கமாயின. வளர்ந்த மாட்டுக்கு இது போதும். போதிய தீனியும் உலர்ந்த மாரிக்கால மயிரும் இருந்தால், பசு பூச்சியத்துக்குக் கீழுள்ள குளிரையும் தாங்கி நிற்கும். கன்றின் கதை வேறு.

தாயின் கருப்பையில் கன்று ஏறக்குறைய 39 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வாழ்கிறது. வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையாயின், பிறக்கும் அந்த ஒரு கணத்தில் அது ஏறக்குறைய 60 பாகை வித்தியாசத்தைக் கடந்து வருகிறது. அதன் மேலெல்லாம் பனிக்குடத்து நீர். அதன் வயிறு வெறுமை. உடலின் எடையோடு ஒப்பிட்டால், வெப்பம் வெளியேறும் தோற்பரப்போ மிக அதிகம். உலர்ந்த நிலையிலுள்ள இளங்கன்றுகூட, வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கினால், தன் உடற்சூட்டைக் காக்கவே சேமித்த சக்தியைச் செலவிட வேண்டியதாகிறது.

இயற்கை கன்றைப் படைக்கலமின்றி அனுப்பவில்லை. அதனிடம் இரண்டு படைக்கலங்கள் உள்ளன. ஒன்று நடுக்கம்: தசைகள் விரைந்து சுருங்கி விரிவதால் வெப்பம் பிறக்கிறது. மற்றது கபிலநிறக் கொழுப்பு. சிறுநீரகங்களைச் சூழ்ந்தும் பிற இடங்களிலும் படிந்துள்ள இக்கொழுப்பு, சாதாரண கொழுப்பைப்போல் வெறும் சேமிப்பன்று. எரிந்து நேரே வெப்பத்தைத் தருவதே இதன் தொழில். ஆனால் இதன் அளவு மிகச் சிறிது. சில மணி நேரத்தில் கரைந்துவிடக்கூடியது. அதற்குள் பால் வயிற்றுக்குச் சென்று சேரவேண்டும். சேராவிடில், அடுப்பில் விறகு தீர்ந்த கதையாகிவிடும்.

இவ்வளவு அபாயத்தினிடையேயும், பூச்சியத்துக்குக் கீழான குளிரிலே பிறந்த கன்றுகளுட் பெரும்பாலானவை பிழைத்து எழுந்து நடக்கின்றன. எனவே, கன்றைக் கொல்வது குளிர் மாத்திரமன்று. குளிரோடு மூன்று துணைவர்கள் சேரும்போதே அது கொலைகாரனாகிறது. அவை ஈரம், காற்று, வெறுவயிறு என்பன. குளிரை விலக்க எவராலும் இயலாது; இம்மூன்றையும் விலக்க மனிதனால் இயலும். கன்று காக்கும் கலை முழுவதும் இந்த ஓர் உண்மையின்மேலேயே கட்டப்பட்டுள்ளது.

முதலாவது ஈரம். நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் கன்றின் உடலிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோகிராம் நீர் தோலிலிருந்து ஆவியாகக் கவரும் வெப்பம், ஏறத்தாழ ஆறு லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அன்றியும், உலர்ந்த மயிர் தனக்குள்ளே காற்றைச் சிறைப்பிடித்துக் கம்பளிபோல் உடலைக் காக்கும். நனைந்து தோலோடு ஒட்டிய மயிருக்கு அந்த ஆற்றல் இல்லை. கன்று விழுந்த உடனே தாய்ப்பசு திரும்பி அதை நக்கத் தொடங்குவது வெறும் பாசச் செயல் மாத்திரமன்று. அது கன்றை உலர்த்துகிறது, குருதியோட்டத்தைத் தூண்டுகிறது, கன்றை எழுந்து நிற்கத் தூண்டி மடியை நாடச் செய்கிறது. முதற்கன்று ஈன்ற நாகு சிலவேளை கன்றை நக்காது விலகிப்போவதுண்டு. நீண்ட பிரசவ வேதனையால் களைத்த பசுவும் அப்படியே. அப்பொழுது உலர்ந்த சாக்கினாலோ துணியினாலோ கன்றை நன்கு துடைப்பது மனிதனின் கடமையாகிறது. காதும் வாலும் இதிலே தனிக்கவனம் பெறவேண்டியவை. உடலின் நடுவே உள்ள உறுப்புகளைக் காக்கும்பொருட்டு குருதி ஓரங்களிலிருந்து பின்வாங்குவதால், ஈரமான காது நுனியும் வால் நுனியும் முதலில் உறைந்து, பின்னர் கருகி உதிர்ந்துவிடும். குறைந்த காதோடு சந்தைக்கு வரும் கன்றைக் கண்டால், அது பிறந்த நாள் எத்தகையது என்பதை வாங்குவோர் அறிந்துகொள்வர்.

இரண்டாவது காற்று. காற்றினால் குளிர் கடுமையாவதை அளந்தறிய முற்பட்டவர்கள் போல் சைப்பிள், சாள்ஸ் பசல் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள். 1941இல் அந்தாட்டிக்காவில் அவர்கள் சிறிய பிளாஸ்ரிக் உருளையொன்றில் நீரை நிரப்பி வெளியே தொங்கவிட்டு, பல்வேறு காற்று வேகங்களில் அது உறைவதற்கு எடுக்கும் நேரத்தைக் கணித்தனர். வெப்பநிலை ஒன்றாயிருந்தும், காற்று வலுக்க வலுக்க நீர் விரைந்து உறைந்தது. உடலைச் சூழ்ந்து நிற்கும் இளஞ்சூடான மெல்லிய காற்றுப் படையை வீசும் காற்று ஓயாது துடைத்துச் செல்வதே இதன் காரணம். கன்றுக்கும் இதே விதிதான்.

ஆகவே, காற்றுத் தடுப்பு இல்லாத பண்ணையைப் பெருஞ்சமவெளியில் காண்பது அரிது. பலகைகளை நிறுத்தி அடைக்கும் வேலி இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. இதிலே ஒரு நுட்பம் உண்டு. இடைவெளியே இல்லாத சுவர் நல்லதென்று தோன்றும். ஆனால் அத்தகைய சுவரின்மேல் ஏறித் தாண்டும் காற்று, மறுபக்கத்தில் சுழன்று விழுந்து பனியையும் அங்கேயே குவித்துவிடும். பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குவரை இடைவெளி விட்ட வேலியே காற்றின் வேகத்தைத் தணிக்கவல்லது. வேலியின் உயரத்தைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு தூரம்வரை அதன் காப்பு நீளும். மூன்று மீற்றர் உயர வேலி ஏறக்குறைய முப்பது மீற்றர்வரை கன்றுகளுக்கு அடைக்கலம் தரும்.

மரங்களை நிரைநிரையாக நட்டுக் காற்றை அடக்கும் முயற்சியும் பெரிய அளவில் நடந்தது. சனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ற் காலத்தில், 1934இல் ஆரம்பிக்கப்பட்ட திட்டத்தின் கீழ், வட டக்கோட்டா முதல் ரெக்சாஸ்வரை 1942ஆம் ஆண்டுக்குள் ஏறக்குறைய 22 கோடி மரங்கள் நடப்பட்டன. மண் பறந்துபோகாமல் தடுப்பதே அதன் முதல் நோக்கம். எனினும் அம்மரங்களின் மறைவு மந்தைகளுக்கும் காப்பாயிற்று. கனடாவில், சஸ்காச்சுவான் மாகாணத்து இந்தியன் ஹெட் என்னும் ஊரில் 1901இல் தொடங்கிய அரசாங்க நாற்றுமேடை, 2013இல் மூடப்படும்வரை 60 கோடிக்கு மேற்பட்ட மரக்கன்றுகளை விவசாயிகளுக்கு வழங்கியது.

வேலிக்கும் மரத்துக்கும் அப்பால், கன்றுகள் மாத்திரம் நுழையக்கூடிய சிறு கொட்டில்களும் உண்டு. வாசலிலே குறுக்குச்சட்டம் அமைந்திருப்பதால் பெரிய மாடுகள் உட்புகுந்து கன்றை மிதிக்க இயலாது. வாசல் வெயில் விழும் தென்திசையை நோக்கும். உள்ளே வைக்கோல் ஆழமாகப் பரப்பப்படும். வைக்கோல் போதுமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு: படுத்திருக்கும் கன்றின் கால்கள் வைக்கோலுக்குள் மறைந்திருக்குமாயின் போதும், கால்கள் முற்றும் தெரியுமாயின் போதாது. பாற்பண்ணைகளில் கன்றுக்குச் சட்டை அணிவிப்பதும் உண்டு. ஆயினும், உடல் நன்கு உலர்ந்த பின்னரே அதை அணிவிக்க வேண்டும். வெயில் ஏறிய நாளில் அகற்றவும் வேண்டும். வியர்வையில் நனைந்த சட்டை, சட்டையின்மையிலும் தீது.

கொட்டில் காற்றுப் புகாதபடி முழுதும் அடைக்கப்பட்டால், மூச்சின் ஈரமும் சிறுநீரின் நெடியும் உள்ளேயே தங்கிச் சுவாசநோயை வளர்க்கும். நேராக வீசும் காற்று ஆகாது. மேலாக ஓடும் தூய காற்று அவசியம்.

மூன்றாவது துணைவன் வெறுவயிறு. இதற்கு மருந்து தாயின் மடியிலேயே இருக்கிறது. ஈன்ற பசு முதலிற் சுரக்கும் தடித்த மஞ்சட் பாலை யாழ்ப்பாணத்தார் கடும்பு என்பர்; சீம்பால் என்பதும் அதுவே. கன்றைப் பொறுத்தவரை இது உணவு, எரிபொருள், மருந்து ஆகிய மூன்றுமாகும். மனிதக் குழந்தை நோய் எதிர்ப்புப் பொருள்களிற் பலவற்றைத் தாயின் கருவிலேயே பெற்றுப் பிறக்கிறது. பசுவின் நஞ்சுக்கொடியின் அமைப்பு அவற்றைக் கடக்க விடுவதில்லை. ஆதலால் கன்று அவை இன்றியே பிறக்கிறது. அக்குறையை நிரப்புவது கடும்பு. கன்றின் குடல் அந்த எதிர்ப்புப் பொருள்களை அப்படியே உறிஞ்சும் ஆற்றலைப் பிறந்த முதல் மணிகளில் மாத்திரமே முழுமையாகப் பெற்றிருக்கிறது. மணிக்கு மணி அவ்வாற்றல் குறைந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் கதவு முற்றாக அடைபட்டுவிடும். குளிரால் விறைத்த கன்று எழாது. எழாத கன்று குடியாது. குடியாத கன்று மேலும் குளிரும். குளிரிலே தப்பினாலும், எதிர்ப்புச் சக்தியின்றிச் சில நாட்களில் கழிச்சலுக்கோ சுவாசநோய்க்கோ அது இரையாகிவிடும்.

எனவே முதல் இரண்டு மணி, தவறினால் நான்கு மணி நேரத்துக்குள், கன்றின் எடையில் இருபதில் ஒரு பங்கு கடும்பு வயிற்றினுள் செல்லவேண்டும். 40 கிலோகிராம் கன்றுக்கு இது இரண்டு லீற்றர். தாயிடம் குடிக்க இயலாத கன்றுக்குக் கறந்து போத்தலிலே கொடுப்பர். அதற்கும் ஆகாதாயின் இரைப்பை நோக்கிச் செல்லும் குழாயினால் ஊட்டுவர். குழாய் மூச்சுக்குழலுட் புகுந்துவிட்டால் கன்று மூழ்கி இறக்குமாதலால், இது பயின்ற கைக்கே உரிய தொழில். அதிகம் சுரக்கும் பசுவின் கடும்பை உறையவைத்துச் சேமிப்பதும் வழக்கம். அதைக் கொதிநீரில் உருக்கலாகாது. 50 பாகைக்கு மேற்படாத வெந்நீரில் வைத்தே இளக்கவேண்டும். மிகுந்த சூடு எதிர்ப்புப் பொருள்களைக் கெடுத்துவிடும்.

இத்தனை காவலையும் மீறி ஒரு கன்று பனியிலே விறைத்துக் கிடப்பதுண்டு. அதன் வாய்க்குள் விரலை விட்டால் சூடில்லை, சப்பும் உணர்ச்சியுமில்லை. பழகிய விவசாயி உடனே வெப்பமானியை நாடுவான். ஆரோக்கியமான கன்றின் உடல் வெப்பநிலை 38.5 பாகையை அடுத்து நிற்கும். அது 37.8 பாகைக்குக் கீழே இறங்கினால் குளிர்ப்பாதிப்பு ஆரம்பித்துவிட்டது, 34.4 பாகைக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. 30 பாகையை அணுகிய கன்று பார்வைக்கு இறந்ததுபோலவே தோன்றும். அந்நிலையிலிருந்தும் மீண்டவை உண்டு. ஆதலால், குளிர்ந்து கிடக்கும் கன்று இறந்துவிட்டதென்று அவசரப்பட்டு முடிவுகட்டலாகாது.

இத்தகைய கன்றுக்குச் சிறந்த சிகிச்சை வெந்நீர்க் குளிப்பு. 38 முதல் 40 பாகைவரை சூடான நீரில், தலையை மேலே தாங்கியபடி, உடலை அமிழ்த்தி வைப்பர். குளிர்ந்த கன்று நீரின் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகையால் வெந்நீரை மாற்றி மாற்றி ஊற்றவேண்டும். உடற்சூடு பழைய நிலையை எய்தியபின் வெளியே எடுத்து, மயிரின் அடிவரை உலர்த்தி, இளஞ்சூடான கடும்பைக் கொடுத்து, முற்றும் உலர்ந்த பின்னரே தாயிடம் விடுவர். அரைகுறையாக உலர்ந்த கன்றை வெளியே விடுவது, மறுபடியும் பிறந்த கணத்துக்கே அதைத் திருப்பி அனுப்புவதாகும். சூடேற்றிய காற்று உலாவும் பெட்டிகளும் இக்காலத்தில் உண்டு. அவற்றிலும் காற்றோட்டம் இருக்கவேண்டும். சூட்டு விளக்கைப் பயன்படுத்துவோர் அது கன்றைச் சுட்டுவிடாமலும் வைக்கோலில் நெருப்புப் பற்றாமலும் கண்காணிக்க வேண்டும். உறைந்த காதைத் தேய்த்துச் சூடாக்க முயல்வது தவறு. தேய்த்தால் சதை சிதையும்.

கன்றைக் காக்கும் வேலை அது பிறப்பதற்கு முன்னரே தொடங்குகிறது. கடைசி மூன்று மாதங்களில் தீனி குறைந்த பசு ஈனும் கன்றிடம் கொழுப்பும் குறைவு. பசுவின் கடும்பும் தரம் குறைந்தது. நள்ளிரவின் கடுங்குளிரில் பசு ஈனாமல் இருப்பதற்கும் ஓர் எளிய உபாயம் கண்டறியப்பட்டது. 1970களில் மனிற்றோபா மாகாணத்து விவசாயி ஒருவர், பசுக்களுக்கு இரவில் பிந்தித் தீனி வைத்தால் அவற்றிற் பெரும்பாலானவை பகலில் ஈனுவதை அவதானித்தார். பின்னர் நடந்த ஆய்வுகளும் இதற்கு ஆதரவாயின. செலவொன்றுமில்லாத இம்முறையைப் பலர் கைக்கொண்டுள்ளனர். வேறு சிலர் பந்தயத்தையே கைவிட்டு, காளை சேர்க்கும் மாதத்தைப் பிந்தவைத்து, புல் தளிர்த்தபின் மே மாதத்தில் பசுக்களை ஈனச் செய்கின்றனர். சந்தையிலே கன்றின் எடை சிறிது குறையலாம். உயிர்ச்சேதமும் தீனிச்செலவும் அதனோடு குறைகின்றன.

இவையெல்லாம் பனி பெய்யும் நாட்டாரின் கவலை, வெப்பநாட்டுக்கு இதனால் ஆவதென்ன என்று எண்ணுவோருக்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சுட்டலாம். 2013ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத முற்பகுதியில் தென் டக்கோட்டாவின் மேற்குப் பகுதியில் முதலிலே கடும் மழை பெய்தது. அதன்மேல் புயற்காற்றும் பனியும் வந்தன. மாடுகளுக்கு மாரிக்கால மயிர் இன்னும் வளரவில்லை. நனைந்த உடலோடு காற்றில் அகப்பட்ட பல்லாயிரம் மாடுகள் மடிந்தன. அதே மாடுகள் ஒரு மாதம் பிந்தி, உலர்ந்த உடலோடு, அதனினும் கொடிய குளிரைத் தாங்கியிருக்கக் கூடும்.

மற்ற நிகழ்ச்சி இலங்கையிலேயே நடந்தது. 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், மாண்டஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் நிலைகொண்டிருந்த நாட்களில், வடக்கு கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. வெப்பநிலை உறைநிலைக்கு அருகிலும் செல்லவில்லை. ஆயினும் குளிர் தாங்காமையே இறப்புக்குக் காரணமெனக் கால்நடைத் துறையினர் கண்டனர். வெட்டவெளிப் பட்டிகளில் மழையில் நனைந்து, விடாத குளிர்காற்றில் நின்ற உயிர்கள் அவை. பனி இல்லை, ஆனால் ஈரமும் காற்றும் அங்கே கூடியிருந்தன. மெலிந்த மாடும் இளங்கன்றும் இவ்விரண்டுக்கும் எளிதில் இரையாகும்.

மொன்ரானாவின் விவசாயி நூற்றாண்டுக்கு மேலான இழப்பினால் கற்றுக்கொண்ட பாடம் எந்த நாட்டுக்கும் பொருந்தும். புயலறிவித்தல் கேட்டவுடன், காற்று வரும் திசையில் ஒரு மறைப்பு. கன்றுகளுக்கு மழைபடாத கூரையும் உலர்ந்த வைக்கோலும். தாய்க்கு வயிறு நிறையத் தீனி. அன்று பிறந்த கன்றின் வயிற்றில் தாமதமின்றிக் கடும்பு. இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. மழை தொடங்குமுன் செய்துவிட வேண்டும் என்பதொன்றே இவற்றின் நிபந்தனை.